பச்சைக் கோடு போட்ட கால்வாய் ரோடு

1. ஐந்து முகங்கள்

“ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி, இந்த வழி பிடித்திருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்கப் போகிறோம்” என்று நான் வீட்டில் சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?” என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அதுவரை நான் செய்ததெல்லாம் டிராஃபிக் சர்வே. சர்க்கிள் ஓரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து பஸ், லாரி, ஆட்டோ, டூவீலர் என்று பிரித்துப் பிரித்து எண்ணுகிற வேலை. அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்தவர்; நான் பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது எல்லாம் இங்கேதான். கன்னடமும் தமிழும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் கம்பெனியில் என்னை ஃபீல்ட் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள்.

இந்தப் புது வேலை இப்படி. ஊரின் ரோடுகளைச் சின்னச் சின்ன ஸ்ட்ரெட்ச்சாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் நடந்து போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் நிறுத்தி டேப்பை, அதாவது டேப்லெட்டை நீட்ட வேண்டும். திரையில் ஐந்து முகங்கள் இருக்கும். ஒரு கோடியில் வாய்கொள்ளாச் சிரிப்பு, மறுகோடியில் அழுகை. மனதில் தோன்றுவதை அவர்கள் தொட வேண்டும். அதையெல்லாம் சேர்த்தால் மேப்பில் ரோடு பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ வரும். நடப்பதற்கும் சைக்கிளுக்கும் எங்கே பணம் போடுவது என்று அதைப் பார்த்துத் திட்ட அலுவலகம் முடிவு செய்யும்.

முதல் நாள் தேவராஜ மொஹல்லாவில். மார்க்கெட் வாசலில் மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒரு ஹமாலியிடம் டேப்பை நீட்டினேன். அவர் அழுகிற முகத்தை அழுத்திவிட்டு, “ரோடு சரியாத்தான் இருக்குது தாயி, நடுவுல நீங்க நிக்கறதுதான் ரோதனை” என்று கன்னடத்தில் சொன்னார். நான் ஓரமாக நகர்ந்தேன்.

எங்கள் சார் ஒரே ஒரு விதியில் மட்டும் கறாராக இருந்தார். நல்ல மனிதர், கத்த மாட்டார், ஆனால் இந்த விதியில் பிடித்த பிடி. “மேடம், எந்த ஸ்ட்ரெட்ச்சோ, அந்த ஸ்ட்ரெட்ச்ல போறவங்களை மட்டும்தான் கேக்கணும். அங்கயே, அப்பவே. வீட்டுல உக்காந்து யோசிச்சு சொல்றது ஒப்பீனியன். நடக்கறப்ப தோணறதுதான் டேட்டா. அஷ்டே, அவ்வளவுதான்.” கேட்கும்போது ரொம்ப நியாயமாக இருந்தது. குழுவில் யாரும் மறுக்கவில்லை.

2. அழுகை முகம், சிரிப்பு முகம்

மைசூரின் எந்த மூலை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஊருக்கு வெளியே ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரி. அங்கே தைக்கிற பெண்கள் ஒரு புது லேஅவுட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட வரிசை வீடுகளில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கு இரண்டு வழி. ஒன்று ஹைவே ஓரம். இன்னொன்று பாசனக் கால்வாயை ஒட்டி வளைந்து போகும் ரோடு.

ஹைவே ஓரம் என்றால் லாரி, டிப்பர், டெம்போ, காது கிழியும் ஹாரன். தார் முடிகிற இடத்தில் ஒரு மண் ஓரம், அதில்தான் சைக்கிள். சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் அங்கே ஒரு டீக்கடை பக்கத்தில் நின்றோம். முதலில் நின்ற பெண் செல்வி. இது அவளுடைய பெயர் இல்லை, நான் வைத்த பெயர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரி. கணவர் கட்டட மேஸ்திரி. நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

“என்னுங்க்கா இது, செல்போனு கேமாட்டம் இருக்குது” என்று சிரித்துக்கொண்டே டேப்பை வாங்கினாள். ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. “உசுரைக் கையில புடிச்சுட்டுத்தானுங்க போறோம். லாரிக்காரன் ஒரசிட்டுப் போறப்ப சைக்கிளே ஆடிப்போயிருமுங்க. பயம்னா அப்பிடியொரு பயமுங்க.” அழுகிற முகத்தை அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே அழுத்தினார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு என்ன அவசியம்?

மறுநாள் கால்வாய் ரோடு. அடடா, அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம், தண்ணீரில் கொக்கு, வண்டிச் சத்தமே கிடையாது. லேஅவுட்டிலிருந்து வாக்கிங் வரும் ரிட்டயர்டு ஆட்கள், கேமரா மாட்டிய பறவைக்காரர்கள், ஹெல்மெட் போட்டு கியர் சைக்கிளில் வரும் ஐ.டி. பையன்கள், தூண்டில் போடுகிறவர்கள். எல்லோரும் வாய்கொள்ளாச் சிரிப்பைத்தான் தொட்டார்கள். ஒரு பெரியவர், “இந்த ரோட்டுக்காகவே நான் இங்க வீட்டுக்கு சைட் வாங்கினேம்மா” என்றார். சாயங்காலம் போய் நின்றபோது ஆள் குறைவு. வந்த ஆண்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

அந்த ரோட்டில் ஃபேக்டரிப் பெண் ஒருத்திகூட வரவில்லை. வராதவர்களை எங்கள் விதிப்படி கேட்க முடியாது. ஹைவேயில் நின்றவர்களிடம் கால்வாய் ரோட்டைப் பற்றிக் கேட்டாலும் அது டேட்டா இல்லை.

மேப் வந்தது. ஹைவே ரத்தச் சிவப்பு. கால்வாய் ரோடு கண்ணைப் பறிக்கும் பச்சை.

3. தடுப்புக் கம்பி

பிரசன்டேஷனில் கொக்குப் படத்தைப் பார்த்ததுமே அதிகாரிகளுக்குப் பிடித்துவிட்டதாம். சார் பூரித்துப் போய் வந்தார். கால்வாய் ரோட்டைப் பசுமை சைக்கிள் பாதை ஆக்கப் போகிறார்கள். ஹைவேயில் சைக்கிளுக்குத் தடை. மக்களே பயம் என்று சொல்லிவிட்ட ரோட்டில் அவர்களை விட்டுவைக்கலாமா? நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வேலை சீக்கிரமே நடந்தது. ஹைவேயின் மண் ஓரத்தைச் சாக்கடைக்காகத் தோண்டினார்கள். தார் விளிம்பில் இரும்புத் தடுப்புக் கம்பி நட்டார்கள். சைக்கிள் போகக் கூடாது என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் போர்டு வைத்தார்கள். கால்வாய் ரோட்டில் பச்சைப் பெயின்ட் அடித்து சைக்கிள் படம் வரைந்தார்கள். திறப்பு விழாவில் கியர் சைக்கிள்காரர்கள் ஒரே மாதிரி டீஷர்ட் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள்.

வேலைக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். சாயங்காலம் ஹைவே பக்கம் போனேன். ஃபேக்டரிப் பெண்கள் சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கம்பிக்கு மேலே தூக்கி, தாருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண் ஓரம் போய்விட்டதால் இப்போது லாரிக்குப் பக்கத்திலேயே ஓட்டுகிறார்கள். செல்வியைப் பார்த்ததும் கத்தினேன்.

“ஏம்மா, அறிவிருக்கா? அவ்வளவு அழகா அந்தப் பக்கம் ரோடு போட்டுக் குடுத்திருக்கு, நீங்க இப்படிக் கம்பி ஏறிக் குதிச்சுக்கிட்டு...”

அவள் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, என்னை டீக்கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சொன்னாள்.

முன்பு அவளும் கால்வாய் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாளாம். ஒரு சாயங்காலம் மரத்தடியில் குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் சைக்கிளை மறித்தார்கள். அதற்கு மேல் அவள் சொன்னது கொஞ்சம்தான். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. எப்படியோ தப்பித்து, சேலை கிழிந்து, கால்வாயில் விழுந்துவிட்டதாக வீட்டில் சொன்னாளாம். அவளைப் போல வேறு பெண்களுக்கும் நடந்திருக்க வேண்டும் என்று அவள் ஊகித்திருந்தாள். யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த வழி போவதை எல்லோருமே ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

“என்ற வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வேலைய நிறுத்திப் போடுவாருங்க. நிறுத்தினாக்கூடப் பரவால்லீங்க, என்னைய வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சிருவாரு” என்றாள். பிறகு ஹைவேயைக் காட்டினாள். “இங்க லாரி அடிச்சா வெளிய சொல்லலாமுங்க. தூக்கிட்டு ஓட நாலு பேரு இருக்காங்க. அங்க ஒண்ணு ஆச்சுன்னா வெளிய சொல்ல முடியாதுங்க.”

போலீஸில் சொல்லலாமா என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “வேண்டாமுங்க்கா. கம்பில ஒரு சந்து மட்டும் உடச்சு வுடச் சொல்லுங்க, போதும். அதுக்குத்தான் சொன்னேன். யாருகிட்டயும் இதச் சொல்லிப்போடாதீங்க.”

4. “எவிடென்ஸ் எல்லி?”

மறுநாளே சார் அறைக்குப் போய் நின்றேன். பெயரைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்லவில்லை. அந்த வழியில் பெண்கள் போகப் பயப்படுகிறார்கள், பச்சை தப்பு, கம்பியில் வழி விட வேண்டும், ஓரத்தை மூடித்தர வேண்டும் என்று சொன்னேன்.

“மேடம், எவிடென்ஸ் எல்லி, எங்க இருக்கு? அந்த ஸ்ட்ரெட்ச்ல ஒரு லேடி கூட நெகட்டிவ் குடுக்கலையே.”

“ஒரு லேடியும் அங்க வரவே இல்லையே சார்! வராதவங்க எப்படிக் குடுப்பாங்க?”

“அதேதான் நானும் சொல்றேன். வராதவங்க டேட்டா நம்மகிட்ட இல்லை.”

“வராததே ஒரு டேட்டா இல்லையா சார்?”

அவருக்குப் புரிந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. “ரிப்போர்ட்டை அவங்க ஒத்துக்கிட்டாச்சு மேடம். இப்ப போய் மேப் தப்புன்னு சொன்னா, மீதி ரோடெல்லாம் சரியான்னு கேப்பாங்க. அடுத்த ஃபேஸ்ல பாக்கலாம்.”

நான் சும்மா இருக்கவில்லை. திட்ட அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த இன்ஜினியர், “பெண்கள் கம்ப்ளைன்ட் குடுக்கட்டும்மா, உடனே செய்யலாம்” என்றார். கால்வாய் ரோட்டுக்கு லைட்டாவது போடுங்கள் என்றேன். லைட் போட்டால் பறவைகளுக்குத் தொந்தரவு என்று லேஅவுட் சங்கத்தார் மறுத்துவிட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்திவிட்டேன். “கொக்குக்கு இருக்கிற மரியாதை பொம்பளைக்கு இல்லையா?” என்றேன். பியூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

5. விபத்து

செல்வியை டெம்போ அடித்தது ஒரு மழைச் சாயங்காலம். பின்னாலிருந்து வந்த வண்டிக்கு வழிவிட டெம்போ ஒதுங்க, அவளுக்கு ஒதுங்க இடமில்லை. கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வலது கால் மாட்டிக்கொண்டது. டீக்கடைக்காரரும் பங்ச்சர் கடைக்காரரும் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். அவள் சொன்ன மாதிரியே நாலு பேர் வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. தையல் மெஷினை மிதித்து ஓட்டுகிற கால் அது.

இழப்பீட்டு வழக்கு நடந்தது. செயற்கைக் கால் பொருத்தவும், வேலையில்லாமல் காலம் தள்ளவும் அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். இன்சூரன்ஸ் தரப்பு ஒரே பிடியாக நின்றது. சைக்கிளுக்குத் தடை செய்த ரோடு. பக்கத்திலேயே பாதுகாப்பான மாற்றுப் பாதை. பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் எங்கள் மேப். அது உண்மையான மேப்தான் என்று சொல்ல, ஃபீல்ட் சூப்பர்வைசரான என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

செல்வியின் வக்கீல் ஓர் இளம் பெண், கெட்டிக்காரி. என்னைத் தேடி வந்தாள். “மேடம், இந்தம்மா அந்த ரோட்டுல ஏன் போகலைன்னு ஒரு உருப்படியான காரணம் வேணும். கேட்டா தூரம்கிறாங்க. தூரம்னு சொன்னா கேஸ் நிக்காது” என்றாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“வக்கீல்கிட்ட மட்டுமாவது சொல்லும்மா. காலே போயிடுச்சு, இனிமே என்ன வெட்கம்?” என்று கெஞ்சினேன்.

செல்வி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். “காலு போனா பாவம்பாங்க. அதைச் சொன்னா பாவம்னா சொல்லுவாங்க?” என்றாள். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். வேறு என்ன செய்வது?

6. கோர்ட்டில்

சாட்சிக் கூண்டுக்குப் போகும் முன் சார் போன் செய்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மேடம், ப்ளீஸ். எக்ஸ்ட்ரா ஏனூ பேடா, ஒண்ணும் வேண்டாம்.” எனக்கு அவர் மேல் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

செல்வியை முதலில் கேட்டார்கள். கணவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். சர்வேயில் ஹைவே பயம் என்று சொன்னீர்களா என்றார். ஆமாம் என்றாள். பயமான ரோடு என்று தெரிந்தும், கம்பியைத் தாண்டி ஏன் போனீர்கள், கால்வாய் ரோட்டில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்றார்.

செல்வி பின் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு, “கஷ்டம் ஒண்ணுமில்லீங்க. சுத்து வழின்னு போகலீங்க” என்றாள்.

அடுத்து நான். மேப் எங்களுடையதுதான் என்றேன். கால்வாய் ரோடு என்ன நிறம் என்றார். பச்சை என்றேன். பிறகு செல்வியின் வக்கீல் எழுந்தாள். “அந்த ரோட்டில் எத்தனை பெண் தொழிலாளர்களைக் கேட்டீர்கள்?”

“யாரையும் கேட்கவில்லை. யாரும் அங்கே வருவதில்லை. பெண்கள் போகப் பயப்படுகிற ரோடு அது. பச்சை போட்டது தப்பு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

இன்சூரன்ஸ் வக்கீல் மறுபடி எழுந்தார். “பயப்படுகிறார்கள் என்கிறீர்களே, அப்படிச் சொன்ன ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள்.”

சொல்ல வேண்டிய பெயர் எனக்கு எதிரில், மடியில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் என்னையே பார்த்தாள். தலையைக்கூட அசைக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் கேஸ் நிற்கும், வீடு நிற்காது.

“பெயர் தெரியாது” என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார்.

விபத்தில் செல்விக்கும் பங்கு இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. மாற்றுப் பாதை இருந்தும் பயன்படுத்தவில்லை என்ற காரணம் சொல்லி, கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார்கள்.

வெளியே படியில் கணவர் பொரிந்து தள்ளினார். “அத்தன நல்ல ரோடு இருக்குது, உன்னைய யாரு இதுல போகச் சொன்னது? அதுல போயிருந்தா காலாச்சும் மிஞ்சியிருக்குமில்ல!”

“எனக்குத்தானுங்க புத்தி இல்லாமப் போச்சு” என்றாள் செல்வி.

அவர் ஆட்டோ பிடிக்கப் போனார். அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “பேரைச் சொல்லிப்போடுவீங்களோன்னு உசுரே போயி வந்துச்சுங்க்கா. நல்லா இருப்பீங்க” என்றாள். தோற்றுவிட்டு வந்த பெண் எனக்கு நன்றி சொல்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுத அழுகை மாதிரி, என் அப்பா போனபோதுகூட நான் அழுததில்லை.

7. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

கால்வாய் ரோடு இன்றைக்கும் பச்சையாகத்தான் இருக்கிறது. நான் ரிட்டயர் ஆகும் வரை அதை மாற்ற முடியவில்லை. இதை எழுதட்டுமா என்று செல்வியிடம் கேட்டேன். ரொம்ப யோசித்தாள். அவள் கணவர் படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. “தமிழ்லன்னா எழுதுங்க. பேரை மட்டும் மாத்திப்போடுங்க” என்றாள்.

உங்கள் டேபில் என்னென்னவோ புதிதாக வந்திருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பெண் இந்த வழி பயமாக இருக்கிறது என்று சொன்னால், உடனே கோட்டைச் சிவப்பாக்கிவிட்டு எழுந்து போகாதீர்கள். இவ்வளவு பயத்தோடு ஏன் இந்த வழியாகவே வருகிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அதையும் பதிலாக எழுதிக்கொள்ளுங்கள்.